குரலைக் கடன் கொடுத்தவர், அதை இறக்கி வைத்த கதை

நண்பனுக்கு பைக்கைக் கடன் கொடுப்பார்கள். இன்டர்வியூவுக்கு நல்ல சட்டையைக் கொடுப்பார்கள். மாசக் கடைசியில் ஐயாயிரம் கொடுத்துவிட்டு, திரும்பக் கேட்கக் கூச்சப்படுவார்கள். 1996-ல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த 22 வயது இளைஞர் ஒருவர், தன் நண்பருக்குத் தொண்டையையே கடன் கொடுத்தார்.

கொடுத்தவர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட். வாங்கியவர் யோனாஸ் ரென்க்சே. இருவருக்கும் ஆளுக்கொரு பேண்ட். மிக்கேலின் பேண்ட் பெயர் ஓபெத், யோனாஸுடையது கேட்டடோனியா. இரண்டும் 1990-களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமில் கிளம்பியவை. இரண்டும் வாசித்தது ராக் இசையிலேயே ரொம்பக் கரடுமுரடான வகை. காது கிழிகிற கிட்டார், இடி இடிக்கிற டிரம்ஸ், அதன் மேல் மனிதக் குரல்தானா என்று சந்தேகம் வரும் உறுமல். 'டெத் மெட்டல்' என்று பெயர்.

கேட்டடோனியாவின் முதல் ஆல்பத்தில் (1993) யோனாஸே டிரம்ஸ் வாசித்தார், அவரே தொண்டை கிழியக் கத்திப் பாடினார். அதற்குப் பிறகு அவருடைய தொண்டை ஒத்துழைக்கவில்லை. அந்தக் குரலை மறுபடி எடுக்க முடியவில்லை. இரண்டாவது ஆல்பமான 'பிரேவ் மர்டர் டே'க்கு நேரம் வந்தபோது, உறுமுவதற்கு ஆள் இல்லை. அப்போதுதான் மிக்கேல் வந்து, நண்பனின் பேண்டுக்காக, நண்பனின் இடத்தில் நின்று உறுமிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்த ஆல்பத்தைக் கேட்டால் ஒலிப்பது பெரும்பாலும் மிக்கேலின் தொண்டைதான்.

இதில் விசேஷம் என்னவென்றால், வாங்கியவர் தன் பேண்டில் உறுமல் பாடகராக மறுபடி திரும்பவே இல்லை. 15 வருடம் கழித்து, கடன் கொடுத்தவரும் ஆல்பங்களில் உறுமுவதை நிறுத்திவிட்டார். ஒருவருக்கு வேறு வழி இல்லை. இன்னொருவருக்கு வழி இருந்தது, வேண்டாம் என்று சொன்னார். இரண்டாமவரைத்தான் ரசிகர்கள் மன்னிக்கச் சிரமப்பட்டார்கள்.

அது என்ன உறுமல்?

மெட்டல் இசைக்குப் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். (உங்கள் வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை ஹெட்போனோடு திரிந்தால், இது உங்களுக்குத்தான்.)

மதுரை மேலமடை பாண்டி கோயிலுக்கோ, கிராமத்துக் கருப்பசாமி கோயில் பொங்கலுக்கோ போயிருப்பீர்கள். உடுக்கைச் சத்தம் ஏற ஏற, அருள் இறங்கியவரின் குரல் மாறும். அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த மனிதரிடமிருந்து, அடிவயிற்றிலிருந்து வேறொரு குரல் கிளம்பும். சுற்றி நிற்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். சொல் முழுதாகப் புரியாவிட்டாலும், பேசுவது பெரிய ஏதோ ஒன்று என்று மட்டும் புரியும். டெத் மெட்டல் பாடகர் மேடையில் உண்டாக்கப் பார்ப்பது ஏறக்குறைய அந்த உணர்வைத்தான். ஒன்று வழிபாடு, இன்னொன்று கலை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. ஆனால், குரல் மாறினால் ஆளே மாறிவிட்டதாகத் தோன்றும் என்பது இரண்டுக்கும் பொது.

உடம்பில் நடப்பது இதுதான். பேசும்போதும் பாடும்போதும் நமக்கு அதிர்வது குரல்நாண்கள். அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடித் தசை மடிப்பு உண்டு. 'போலிக் குரல்நாண்கள்' என்பார்கள். சாதாரணப் பேச்சில் அவற்றுக்குப் பெரிய வேலை கிடையாது. உறுமல் பழகியவர்கள், மூச்சை அடிவயிற்றில் கட்டுப்படுத்தி இந்த மடிப்புகளையும் அதிர வைக்கிறார்கள். சரியாகப் பழகினால் வருடக்கணக்கில் பாடலாம். தெரியாமல் வெறுமனே கத்தினால் தொண்டை புண்ணாகும்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கேட்க அவ்வளவு பிரமாண்டமாக இருக்கும் அந்த உறுமல், நேரில் பக்கத்தில் நின்று கேட்டால் அவ்வளவு சத்தமாக இருக்காது. பாடகர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருப்பார். அந்தச் சின்ன கரகரப்பை மைக்கும் ஸ்பீக்கரும்தான் மலையாக்குகின்றன.

நம் ஊர்க் கதை இதற்கு நேர் எதிர். மைக் இல்லாத காலத்து நாடக மேடையில், கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக உச்ச ஸ்தாயியில் பாடினார்கள். எஸ்.ஜி.கிட்டப்பாவின் புகழே அப்படிப்பட்ட குரலால் வந்ததுதான். பிறகு மைக் வந்தது. மெல்லப் பாடினாலும் கேட்கும் என்று ஆனது. குரல்கள் கீழே இறங்கின, குழைந்தன. நம்மூரில் மைக் சாந்தமான குரலுக்கு வழி விட்டது. அங்கே அதே மைக் உறுமலுக்கு வழி விட்டது. கருவி ஒன்றுதான்.

முடியாமல் போனவர்

முதலில் யோனாஸ். 1998-ல் கேட்டடோனியாவின் 'டிஸ்கரேஜ்ட் ஒன்ஸ்' ஆல்பம் வந்தது. மறுபடி மிக்கேலைக் கூப்பிட்டு உறுமச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. யோனாஸ் தானே பாடினார், தன் சொந்தக் குரலில், கிட்டத்தட்டப் பேசுவது போல. பெரிய பாடகர் குரல் அல்ல அது. ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத, சோகம் அப்பிய, பக்கத்து வீட்டுப் பையன் குரல். பாட்டின் வேகமும் குறைந்தது. கிட்டார் கனமாகவே இருந்தது, ஆனால் துரத்தவில்லை.

தொண்டை போய்விட்டது என்றால் பாடகருக்குப் பிழைப்பே போய்விட்டது என்று அர்த்தம். யோனாஸுக்கு அது நடந்தபோது வயது இருபதைக்கூடச் சரியாகத் தாண்டியிருக்கவில்லை. போன குரலுக்குப் பதிலாக மிச்சமிருந்த குரலை வைத்து அவர் கட்டிய வீட்டில்தான் கேட்டடோனியா அடுத்த கால் நூற்றாண்டுக்கும் மேல் குடியிருந்தது. யோனாஸோடு சேர்ந்து 1991-ல் பேண்டைத் தொடங்கிய கிட்டாரிஸ்ட் ஆண்டர்ஸ் நிஸ்ட்ரோம் 2025-ல்தான் பிரிந்து போனார். அதுவரை வந்த ஆல்பங்களில் பெரும்பாலானவை அந்தத் தெளிந்த குரலால் ஆனவைதான். முதல் ஆல்பத்தை மட்டும் கேட்டவருக்கு, இரண்டும் ஒரே பேண்ட் என்றால் நம்பிக்கை வராது.

ஒரு யோசனை, இரண்டு ஆல்பம்

இந்தப் பக்கம் மிக்கேல். ஓபெத் பேண்ட் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் வித்தியாசமானது. பெயரே ஒரு நாவலில் வரும் கற்பனை நகரத்திலிருந்து எடுத்தது. நிலவின் நகரமாம். நம்ம திங்களூர் மாதிரி. பாட்டுகள் பத்து நிமிடம் ஓடும். 1996 ஆல்பம் ஒன்றில் ஒரே பாட்டு 20 நிமிடத்தைத் தாண்டும். உறுமலுக்கு நடுவில் திடீரென்று எல்லாம் அடங்கி, ஒற்றை அகூஸ்டிக் கிட்டாரோடு மிக்கேல் மென்மையாகப் பாடுவார். பிறகு மறுபடி இடி. அதாவது, சாந்தமான குரல் அவரிடம் எப்போதும் இருந்தது. உறுமலின் நிழலில் உட்கார்ந்திருந்தது.

2002-ல் அவருக்கு ஒரு குழப்பம். இன்னும் முரட்டுத்தனமாக ஒன்று செய்ய ஆசை. அதே நேரத்தில், முழுக்க முழுக்க அமைதியாக ஒன்று செய்யவும் ஆசை. இதைப் பேசியது யாரிடம் என்றால், பழைய நண்பர் யோனாஸிடம். இரண்டையும் ஒன்றில் திணிப்பானேன், தனித்தனியாக இரண்டு ஆல்பம் போடேன் என்று யோசனை சொன்னது அவர்தான். தொண்டையைக் கடன் வாங்கியவர், திருப்பிக் கொடுத்தது இந்த யோசனையை.

2002 நவம்பரில் 'டெலிவரன்ஸ்' வந்தது. அது இடி. 2003 ஏப்ரலில் 'டேம்னேஷன்' வந்தது. அதில் உறுமல் ஒரு இடத்தில்கூட இல்லை. கிட்டாரின் இரைச்சல் கிட்டத்தட்ட இல்லை. மெதுவான பாட்டுகள், மெல்லிய டிரம்ஸ். தயாரிப்பாளர் ஸ்டீவன் வில்சன் வாசித்த மெல்லோட்ரான் என்ற பழைய கீபோர்டு, பின்னணியில் மழைக்கால மாலை மாதிரி படர்ந்திருக்கும். கட்டைகளுக்குக் கீழே ஒலிநாடா சுற்றி, பதிவு செய்த வயலின், புல்லாங்குழல் ஒலிகளை எழுப்பும் கருவி அது. கேஸட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தின் நடுக்கம் சட்டென்று பிடிபடும்.

இந்த ஆல்பங்கள் உருவாகிக்கொண்டிருந்தபோது மிக்கேலின் பாட்டி கார் விபத்தில் இறந்துபோனார். இரண்டு ஆல்பங்களையும் அவர் பாட்டிக்கே சமர்ப்பித்தார். இதைத் தெரிந்துகொண்டு 'டேம்னேஷன்' கேட்பதும், தெரியாமல் கேட்பதும் வேறு வேறு. அது டெத் மெட்டல் பேண்ட் ஒன்று ஜாலிக்காக ஓய்வெடுத்த ஆல்பம் போலத் தோன்றாது. எழவு வீட்டில் சத்தம் போட்டு அழுது முடித்த பிறகு வருமே ஒரு பேச்சு, தணிந்த குரலில், சம்பந்தமில்லாத பழைய விஷயங்களைப் பற்றி... அது போல இருக்கும்.

அப்போது ரசிகர்கள் யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை. காரணம் எளிது. கையில் இன்னொரு ஆல்பம் இருந்தது. உறுமல் எங்கேயும் போகவில்லை, பக்கத்து அறையில்தான் இருக்கிறது என்று தெரியும்.

சென்னைக்கு வந்த இடி

2008-ல் 'வாட்டர்ஷெட்' வந்தது. அதில் உறுமல் உண்டு. 2009-ல் ஐஐடி மெட்ராஸின் 'சாரங்' கலை விழாவுக்கு ஓபெத் வந்தது. கிண்டி மான்கள் மேயும் அந்த வளாகத்தில் ஸ்டாக்ஹோம் இடி இறங்கியது. இப்படிப்பட்ட இசையைக் கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்து, சிடியில் எழுதி, நண்பர்களுக்குள் கைமாற்றிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு அது பெரிய விஷயம். மதுரைக்காரர்களுக்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம்தான்.

அன்றைக்கு அந்த உறுமலைக் கேட்டுச் சிலிர்த்தவர்களுக்கு ஒன்று தெரியாது. 'வாட்டர்ஷெட்'டுக்குப் பிறகு உறுமலோடு அடுத்த ஓபெத் ஆல்பம் வர இன்னும் 16 வருடம் ஆகப்போகிறது என்பது.

அடுத்த ஆல்பத்துக்காக மிக்கேல் முதலில் எழுதிய இரண்டு பாட்டுகள் 'வாட்டர்ஷெட்' வழியிலேயே இருந்தன. அதைக் கேட்ட பேஸ் கிட்டாரிஸ்ட் மார்ட்டின் மெண்டெஸ், ஆல்பம் முழுக்க இப்படியே போனால் தனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். பொதுவாக இப்படிச் சொன்னால் எழுதியவருக்குக் கோபம் வரும். மிக்கேலுக்கு நிம்மதி வந்தது. எழுதிய இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். அவருக்கே சலித்துப் போயிருந்தது, சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது.

2011 செப்டம்பரில் 'ஹெரிடேஜ்' வெளியானது. தொடக்கமே தனி பியானோ. அதற்குப் பிறகு 1970-களின் ராக், ஜாஸ், ஆர்கன், புல்லாங்குழல். உறுமல் இல்லை. பக்கத்து அறையிலும் இல்லை.

அட்டைப்படத்தைப் பார்த்தாலே அவர் தெரிந்துதான் செய்தார் என்பது விளங்கும். நடுவில் ஒரு மரம். பழங்களுக்குப் பதில் பேண்ட் உறுப்பினர்களின் தலைகள். அந்த ஆல்பத்தோடு விலகிய கீபோர்டு கலைஞர் பெர் விபெர்க்கின் தலை மட்டும் கிளையிலிருந்து கீழே விழுந்துகொண்டிருக்கிறது. மரத்தடியில் பழைய உறுப்பினர்களின் மண்டையோடுகள். மரத்தின் வேர்கள் மண்ணுக்குள் இறங்கி நரகம் வரை போகின்றன. அந்த வேர்தான் அவர்களுடைய டெத் மெட்டல் காலம். வேரை வெட்டவில்லை, மண்ணுக்குள் வைத்தார்கள். ஆனால், ரசிகர்களில் பலர் அட்டைப்படம் பார்க்கிற மனநிலையில் இல்லை.

அந்த வருடக் கடைசியில் வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம். கூடப் போன பேண்ட் எது என்று நினைக்கிறீர்கள்? கேட்டடோனியா. பழைய இரண்டு நண்பர்களும் ஒரே மேடையில். இந்தத் தடவை மிக்கேலும் உறுமவில்லை. டிக்கெட் எடுத்து வந்தவர்கள் பழைய உறுமல் பாட்டுகளைக் கேட்டுக் கத்தினார்கள், கிடைக்கவில்லை. பின்னாள் கச்சேரிகளில்தான் பழைய பாட்டுகளும் உறுமலும் மேடைக்குத் திரும்பின. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்துபோனது. தெரிந்ததும் சிலருக்குக் கோபம் இன்னும் கூடியது. முடியாதவனை விட்டுவிடலாம். முடிந்தும் செய்யாதவனை என்ன செய்வது?

ரசிகரின் நியாயம்

இந்தக் கோபத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இந்த இசையைக் கேட்பவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பதில்லை. மதுரை மாதிரி ஊரில் இன்னும் கம்மி. கல்லூரி கல்சுரல்ஸ் மேடை என்றாலும் இங்கே சினிமாப் பாட்டுதான் ராஜா. வகுப்பில் ஒருவர், ஹாஸ்டலில் இரண்டு பேர் என்று சிதறிக் கிடப்பார்கள். வீட்டில் கேட்டால், 'என்னடா நாய் உறுமுற மாதிரி இருக்கு, அதை நிறுத்து' என்பார்கள். அப்படிப்பட்ட பையனுக்கோ பெண்ணுக்கோ அந்தக் குரல் வெறும் பாட்டு இல்லை. அவர்கள் போட முடியாத சத்தத்தை அவர்களுக்காகப் போட்ட குரல். அது ஒருநாள் நல்ல பிள்ளையாகப் பாட ஆரம்பித்தால், கைவிட்ட மாதிரித்தான் இருக்கும்.

ஆனால், 'காசுக்காக மாறிவிட்டார்கள்' என்று சிலர் சொன்னார்களே, அது நிற்காது. 2011-ல் காசு பண்ண வேண்டும் என்றால் யாரும் 1970-களின் ஆர்கனையும் புல்லாங்குழலையும் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். அதற்குப் பெரிய மார்க்கெட் எதுவும் கிடையாது. உறுமிக்கொண்டே இருந்திருந்தால்தான் உத்தரவாதமான கூட்டம்.

'ஈஸியான வழிக்குப் போய்விட்டார்கள்' என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இதுவும் உண்மைக்கு எதிரானது. மதுரை சுற்றுவட்டாரத்தில் கரகாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம்.

நையாண்டி மேளத்தில் இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு எல்லாம் சேர்ந்து வேகம் பிடிக்கும்போது ஊரே எழுந்து நிற்கும். அந்த வேகத்துக்கு அசுர உழைப்பு வேண்டும், சந்தேகமே இல்லை. அதே நாயனம் கோயில் திருவிழாவில் நடுராத்திரி, சாமி மாசி வீதியில் மெல்ல நகரும்போது, ஒரு ராகத்தை விளம்ப காலத்தில் இழுக்கும். அப்போது ஒரே ஒரு ஸ்வரம் கொஞ்சம் பிசகினாலும் வீதி முனையில் நிற்பவருக்குத் தெரியும். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. நையாண்டி வாசித்தவர் ஆலாபனை வாசித்தால், நாயனத்துக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று இங்கே யாரும் சொன்னதில்லை.

மெட்டலிலும் அதே கணக்குதான். டெத் மெட்டலில் டிரம்ஸின் வேகம் நிமிடத்துக்கு 200 தட்டுகளைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்து, தடிமனாக்கியிருப்பார்கள். அந்த இரைச்சலில் சின்னச் சின்னப் பிசகு கரைந்துபோகும். அதே ஆள் நிமிடத்துக்கு 60, 70 தட்டு வேகத்தில், இரைச்சலை அணைத்துவிட்டு வாசித்தால், விரல் கம்பியில் உரசுகிற சத்தம் வரை கேட்கும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை டிரம்மர் அவசரப்படாமல் காக்க வேண்டும். நம் வித்வான்கள் காலப்பிரமாணம் என்று சொல்லிச் சீடர்களைப் படுத்துவது இதற்குத்தான்.

குரலுக்கு இன்னும் கஷ்டம். உறுமலில் பாட்டின் வார்த்தை பாதி புரியாது, ஸ்ருதியும் ஒரு பொருட்டில்லை. தெளிந்த குரலில் பாடினால், என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதும் எப்படிப் பாடுகிறீர்கள் என்பதும் வெட்டவெளிச்சம். பதினெட்டு வயதில் போட்டுக்கொண்ட முகமூடியை நாற்பதை நெருங்கும்போது கழற்றி வைப்பது என்பது, இசை என்று மட்டும் பார்த்தாலும், பெரிய ரிஸ்க். மிக்கேலுக்கு அப்போது வயது 37.

எல்லோரும் இந்த வழிக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. சிங்கப்பூரில் 1992-ல் அங்குள்ள இந்தியர்கள் தொடங்கிய 'ருத்ரா' என்ற பேண்ட் இருக்கிறது. பேஸ் கிட்டார் வாசித்துப் பாடுபவர் கதிரேசன். உபநிடதம், வேதாந்தம் பற்றியெல்லாம் டெத் மெட்டலில் பாடுகிறார்கள், சம்ஸ்கிருத சுலோகங்களும் வரும். 'வேதிக் மெட்டல்' என்று தங்கள் இசைக்கே பெயர் வைத்தார்கள். 30 வருடம் தாண்டியும் உறுமலை விடவில்லை. 'பிரம்மவித்யா' என்று மூன்று ஆல்பம் போட்டவர்களுக்கு சாந்தமான குரல்தானே பொருந்தும் என்று தோன்றலாம். கேட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பாண்டி கோயில் ஞாபகம் வரும்.

டெல்லியில் கேஷவ் தார் தொடங்கிய 'ஸ்கைஹார்பர்' இன்னொரு ரகம். 2012-ல் வந்த முதல் ஆல்பத்தை அவர்கள் இரண்டாகவே பிரித்துவிட்டார்கள். ஒரு பாதியில் இங்கிலாந்துப் பாடகர் டேனியல் டாம்ப்கின்ஸின் தெளிந்த குரல், இன்னொரு பாதியில் மும்பையின் சுனீத் ரேவங்கரின் முரட்டுக் குரல். 2014-ல் வந்த அடுத்த ஆல்பத்தில் டேனியலின் குரலே முன்னால் நின்றது. இங்கிலாந்தின் 'பாரடைஸ் லாஸ்ட்' பேண்டோ, 1990-களில் உறுமலிலிருந்து படிப்படியாக இறங்கி, 1999-ல் எலெக்ட்ரானிக் பாப் மாதிரி ஒரு ஆல்பம் வரை போய், 2015-ல் உறுமலுக்கே திரும்பி வந்தது.

தொண்டை பத்திரம்

ஒரு சின்ன இடைச்செருகல், யோனாஸுக்கு நடந்ததை நினைத்து. யூடியூப் பார்த்து ரூமுக்குள் உறுமிப் பழகும் தம்பி தங்கைகள் இருந்தால்: வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். வலியைத் தாண்டிப் பழகினால் சரியாகிவிடும் என்பது பொய். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குரல் கட்டிப்போய் இரண்டு மூன்று வாரமாகியும் திறக்கவில்லை என்றால், கஷாயத்தோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுவதுதான் சரி. பெற்றோருக்கும் ஒன்று. 'கத்தாதே' என்பதைவிட 'யாரிடமாவது முறையாகக் கற்றுக்கொள்' என்பது தொண்டைக்கு நல்லது. மூச்சுப் பயிற்சி விஷயத்தில் பாட்டு வாத்தியார் சொல்வதும் மெட்டல் வாத்தியார் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

செத்தவர் பேசுகிறார்

'ஹெரிடேஜ்' வந்த பிறகு, 2014, 2016, 2019 என்று மூன்று ஆல்பங்கள். ஒன்றிலும் உறுமல் இல்லை. 2019 ஆல்பத்தை மிக்கேல் தாய்மொழியான சுவீடிஷில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை என இரண்டு வடிவங்களில் பாடினார். கோபமாக இருந்தவர்களில் சிலர் போய்விட்டார்கள். சிலர் பழகிக்கொண்டார்கள். தெளிந்த குரலைக் கேட்டே ஓபெத்துக்கு வந்த புது ரசிகர்கள், பழைய உறுமல் ஆல்பங்களைத் தேடிப் போய்க் கேட்டுத் திடுக்கிட்ட கதையும் உண்டு.

பிறகு, 2024 நவம்பரில் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'. பெயருக்கு ஏற்றபடி இது ஒரு உயில் கதை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம். ஒரு பணக்கார, கட்டுப்பெட்டியான குடும்பத் தலைவர் இறந்துவிட்டார். மாளிகையில் உயில் வாசிக்கிறார்கள். அவருடைய இரட்டைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் வளர்ந்த, போலியோ பாதித்த ஒரு அநாதைப் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறாள். இவள் ஏன் இங்கே வந்தாள் என்று இரட்டையர்களுக்குச் சந்தேகம். வாசிக்க வாசிக்கக் குடும்ப ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. (நம் சீரியல்காரர்கள் கேட்டால் 800 எபிசோடு எடுப்பார்கள்.) பாட்டுகளுக்குத் தலைப்பு கிடையாது. உயிலின் பத்திகள் மாதிரி ஒன்று முதல் ஏழு வரை எண்கள்தான். 'ஜெத்ரோ டல்' பேண்டின் இயன் ஆண்டர்சன், எழுபதைத் தாண்டிய வயதில், புல்லாங்குழலும் வாசித்து, உயில் வரிகளையும் வாசித்துக் கொடுத்திருக்கிறார்.

அந்த ஆல்பத்தில்தான் உறுமல் திரும்பி வந்தது. மிக்கேலுக்கு அப்போது 50 வயது. 16 வருடமாகக் காத்திருந்தவர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள்.

ஆனால் கவனித்துக் கேட்டால், இது பழைய உறுமல் இல்லை. இளைஞராக இருந்தபோது அவர் உறுமியது, அந்த வகை இசையில் எல்லோரும் உறுமினார்கள் என்பதால். இங்கே உறுமலுக்கு ஒரு கதாபாத்திரம் இருக்கிறது. செத்த பிறகும் பிள்ளைகளை விடாமல் அதட்டுகிற ஒரு தகப்பனின் குரல் அது. தேவைப்பட்ட இடத்தில் எழுகிறது, பிறகு தெளிந்த குரலுக்கு இடம் விடுகிறது. நடுவில் இத்தனை வருடம் சும்மா கிடந்ததால்தான் அந்தக் குரலுக்கு இப்போது அந்தப் பயம் வந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

முதன்முதலாகக் கேட்கப் போகிறவர்கள் 'டேம்னேஷன்' ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம். வீட்டில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் இன்னும் நல்லது. பிறகு கேட்டடோனியாவின் 'டிஸ்கரேஜ்ட் ஒன்ஸ்'. காது பழகிய பிறகு 'பிரேவ் மர்டர் டே'க்குப் பின்னால் போய், கடன் கொடுத்த அந்தக் குரலைக் கேளுங்கள். உயில் கதையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏழு பத்தி முடிந்ததும் எட்டாவதாக ஒரு பாட்டு வரும். அதற்கு மட்டும் எண் கிடையாது, தலைப்பு உண்டு. உயில் வாசிப்பு முடிந்துவிட்டதால் தகப்பனின் அதட்டலும் அதில் இல்லை. மிக்கேல் அதை மெதுவாக, தன் சொந்தக் குரலில் பாடுகிறார்.